எண்ணாமல் விட்ட எட்டு வரிகள்

கழுதைக்காரன் ஆற்றங்கரை மேட்டிலேயே நின்றுவிட்டான்.

"அந்த வீட்டுக்குன்னா நீங்களே நடந்து போயிருங்கக்கா. என் கழுதை அங்க மிரளுது."

"கழுதை மிரளுதா, நீ மிரளுறியா?"

"ரெண்டு பேருந்தான்," என்றான் அவன், வெட்கமே இல்லாமல்.

தைசிஸ் இறங்கி நடந்தாள். நைல் வடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. வயலெல்லாம் கறுப்புச் சேறு, அதன் வாடை காற்றில் தூக்கலாக இருந்தது. உச்சிவேளைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. திராட்சைத் தோட்டத்துக்கு நடுவில் மண்செங்கல் வீடு தெரிந்தது. முற்றத்தில் வெங்காயம் காயப்போட்டிருந்தார்கள். ஒரு மூலையில் வேலைக்காரி தவூஸ் கோதுமை அரைத்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் எந்த ஊரிலும் இருக்கிற வீடுதான். ஆனால் திருகைக் கல்லின் சத்தம் தவிர வேறு ஒரு சத்தமும் இல்லை. நாய் ஒன்று வாசலில் படுத்திருந்தது. தலையைத் தூக்கிப் பார்த்தது, குரைக்கவில்லை.

தைசிஸுக்கு இரண்டு பயம். ஒன்று, தன் குட்டு வெளிப்பட்டுவிட்டதோ என்பது. இன்னொன்று, வீட்டில் விட்டுவிட்டு வந்த புருஷனைப் பற்றியது.

அவள் புருஷன் பெகூசிஸ் நகல் எழுதுகிறவன். வாயால் முணுமுணுத்துக்கொண்டே எழுதுவான். வாய் சொன்னால்தான் கை போகும். அவன் எழுதி முடித்த சுருளை எண்ணுவது தைசிஸின் வேலை. சுருளில் தெரிகிற வரியை எண்ணினால் கதைக்கு ஆகாது, ஒருவன் குறுக்கி எழுதுவான், ஒருவன் நீட்டி எழுதுவான். வாய் பதினாறு முறை திறந்து மூடினால் அது ஒரு வரி. நான்கு விரலிலும் விரலுக்கு நான்கு இடமாகக் கட்டைவிரலை ஓட்டினால் பதினாறு. ஒரு வரிக்கு ஓர் அவரைக்கொட்டை. நூறுக்கு ஒரு தடவை ஓரத்தில் ஓர் எழுத்து. கடைசியில் மொத்தத் தொகை. மூலச் சுருளின் தொகையும் நகலின் தொகையும் ஒத்துப்போனால் ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று பொருள். அந்த ஊரில் தைசிஸின் தொகை என்றால் மறுபேச்சு கிடையாது.

ஒரே ஒரு தடவை அவள் எண்ணவில்லை.

திராட்சைத் தோட்டத்து அப்பியா அம்மாளின் மகள் ஹெரைஸ் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் போய்விட்டாள். அந்தப் பெண்ணுக்குப் பிடித்த கதை ஒன்று, ஏழு வாசல்களைக் கடந்து ஒருத்தி வீடு திரும்புகிற கதை. அதை நகல் எடுத்துத் தலைமாட்டில் வைத்துக் கட்ட வேண்டும் என்று அப்பியா கேட்டிருந்தாள். பிணத்தைப் பாடம் செய்கிறவர்கள் துணியும் பிசினுமாக வாசலில் நின்று அவசரப்படுத்தினார்கள். பொல்லாத வெயில். தைசிஸ் எண்ண உட்கார்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். விழித்தபோது வெளியே கூப்பாடு. மூலத்தின் அடியில் இருந்த தொகையைப் பார்த்தாள், அறுநூற்று நாற்பது. அதையே நகலின் அடியிலும் எழுதிக் கொடுத்துவிட்டாள். செத்தவள் எண்ணியா பார்க்கப்போகிறாள் என்று அப்போது நினைத்தாள். நினைக்கத்தான் செய்தாள், அதை மறைப்பானேன்.

சுருளை வைத்துக் கட்டிய அன்று உச்சிவேளையில் பெகூசிஸின் குரல் போனது. பேசிக்கொண்டிருந்தவன் வாயைத் திறந்தபடி நின்றான். அதோடு சரி. நாற்பது நாளாகிவிட்டது. பிறகு தொண்டையும் அடைக்க ஆரம்பித்தது. ரொட்டி இறங்கவில்லை, பிறகு கஞ்சி இறங்கவில்லை, இப்போது பார்லி பீரில் நனைத்த துணியைச் சப்பிக்கொண்டு கிடக்கிறான். மருத்துவர் வெளியே கூப்பிட்டு, "இன்னும் பத்து நாள் தாங்குனா பெரிசு தாயி," என்று சொல்லிவிட்டார். நேற்று இந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது: எண்ணத் தெரிந்தவள் உடனே வரவேண்டும்.

அப்பியா வாசலுக்கே வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயது இருக்கும். துக்கம் காக்கிற வீட்டில் கண்ணுக்கு மை தீட்டிக்கொண்டு, காதில் தொங்கட்டானோடு, சிரித்த முகமாக இருந்தாள். அந்தச் சிரிப்பு தைசிஸுக்குப் பிடிக்கவே இல்லை.

"வாம்மா, வா. நல்ல நேரத்துக்கு வந்தே. அவ ஆரம்பிக்கப்போறா."

"யாரும்மா?"

"என் மகதான். வேற யாரு?"

உள்ளறையில் மர அலமாரி ஒன்று கதவு திறந்து நின்றது. அதற்குள் ஹெரைஸ் நின்றாள். குறுக்கும் நெடுக்குமாகத் துணி சுற்றி, முகம் இருக்க வேண்டிய இடத்தில் பலகையில் தீட்டிய முகம். பெரிய கண்கள். காலடியில் அத்திப்பழமும் பேரீச்சையும் வைத்திருந்தார்கள். தேவதாருப் பிசினின் நெடி தொண்டையைப் பிடித்தது.

"கல்லறைக்கு அனுப்பலையாம்மா?" என்று தைசிஸ் மெதுவாகக் கேட்டாள்.

"அனுப்ப மனசு வரலை. வைச்சிக்கிட்டதுதான் நல்லதாப் போச்சு. தினம் உச்சிக்கு அந்தக் கதையைப் படிக்கிறா. எனக்கு எழுத்து வாசனை கிடையாது, ஆனா காது இருக்கே. ஒரு இடம் வரைக்கும் போறா, நிக்கிறா, மறுபடி முதல்லேருந்து." அப்பியா குரலைத் தாழ்த்தினாள். "எனக்கு என்ன பயம்னா, தினம் ஒரு வரி கூடிக்கிட்டே போகுதோன்னு. முடிச்சிட்டா போயிருவால்ல? எத்தனையாவது வரியில நிக்கிறா, தினம் அதே இடந்தானா, நகருதான்னு நீ எண்ணிச் சொல்லணும். எனக்கு இன்னும் எத்தனை நாள் இருக்குன்னு தெரியணும்."

தைசிஸ் அவரைக்கொட்டைப் பையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வெளியே திருகைக் கல் நின்றது. தவூஸ் கதவோரம் வந்து முக்காட்டை வாயில் பொத்திக்கொண்டு நின்றாள்.

வெயில் சன்னல் விளிம்பைத் தொட்டது.

துணிக்குள் ஏதோ மூச்சு இழுத்தது.

அப்புறம் குரல் வந்தது. துணி மூடிய வாயிலிருந்து வருகிற மாதிரி அமுங்கிய முணுமுணுப்பு. நிறுத்தி நிறுத்தி, சொல்லைச் சப்பிச் சப்பி.



அது ஆண் குரல்.

பதினான்கு வருடமாக அவள் பக்கத்தில் முணுமுணுத்த குரல். அவளைத் திட்டிய குரல், கொஞ்சிய குரல், வெங்காயம் தின்றுவிட்டுப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ளும்போது கிசுகிசுத்த குரல்.

"கேட்டியா?" என்று அப்பியா பூரித்துப்போய்க் கேட்டாள். "எவ்வளவு தெளிவா இருக்கு பாரு என் பொண்ணு குரல்."

தைசிஸின் கட்டைவிரல் தானாக ஓட ஆரம்பித்துவிட்டது. வேலை பழகிய விரல், எஜமானி செத்தாலும் எண்ணும். ஒரு கொட்டை, இரண்டு கொட்டை. நூறாவது கொட்டையை வைத்தபோது அலமாரிக்குள் லேசாக ஒரு செருமல் கேட்டது. நகல் எழுதும்போது மூலத்தின் ஓரத்தில் நூறுக் குறி வரும்போதெல்லாம் பெகூசிஸ் செருமுவான். அவனுக்கே தெரியாத பழக்கம் அது. இருநூறில் ஒரு செருமல். முந்நூறில் ஒரு செருமல்.

முந்நூற்று எழுபத்தொன்றில் குரல் நின்றது.



துணிக்குள் நகம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. விட்ட இடத்தைச் சுருளில் தேடுகிற விரலின் சத்தம் அது. எத்தனை ஆயிரம் தடவை கேட்டிருப்பாள். மேலும் கீழும் தேடியது. கிடைக்கவில்லை. ஓடிக் களைத்தவன் மாதிரி மூச்சு வாங்கியது.

பிறகு மறுபடி முதல் வரி.

இரண்டாம் தடவையும் அதே முந்நூற்று எழுபத்தொன்று.

"மூலச் சுருள் இருக்காம்மா?" என்று தைசிஸ் கேட்டாள்.

அப்பியா பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். தைசிஸ் ஓரத்தில் முந்நூறைக் கண்டுபிடித்து அங்கிருந்து விரலால் எண்ணினாள். முந்நூற்று எழுபத்தொன்றாவது வரி 'வாசல்' என்ற சொல்லில் முடிந்தது. எண்ணிக்கொண்டே கீழே போனாள். எட்டு வரி தள்ளி இன்னொரு வரி, அதுவும் 'வாசல்' என்றே முடிந்தது. அவளுக்கு விளங்கிவிட்டது. முதல் 'வாசல்' சொல்லை எழுதிவிட்டு நிமிர்ந்த பெகூசிஸின் கண், திரும்பக் குனிந்தபோது இரண்டாவது 'வாசல்' சொல்லில் போய் விழுந்திருக்கிறது. நடுவில் எட்டு வரி போயே போச்சு. எந்த நகலெழுத்தாளனுக்கும் நேர்கிறதுதான். அதைப் பிடிக்கத்தானே எண்ணுகிறவள் என்று ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள்.

"இடம் நகரலைம்மா. எட்டு வரி விட்டுப்போச்சு. கதையில, காதுல விழுந்த வரைக்கும், அவ நாலாவது வாசல்ல நிக்கிறா. எப்படித் திறந்துச்சுன்னு நகல்ல இல்லை. அடியில அறுநூத்தி நாப்பதுன்னு இருக்கு, உள்ள எட்டு குறையுது. அவ எண்ணி எண்ணிப் பாக்கிறா, சேரலை."

"யாரு விட்டது?"

"எழுதறவங்க கண்ணு சில சமயம் தாவிரும்," என்றாள் தைசிஸ். சொல்லி முடிப்பதற்குள்ளேயே தன்மேல் அவளுக்குக் காறித் துப்ப வேண்டும்போல் இருந்தது.

அப்பியா கோபப்படவில்லை. அவள் முகம் மெல்ல மலர்ந்தது.

"அப்படின்னா முடிக்கவே முடியாது."

"அம்மா..."

"போகவே மாட்டா."

"நான் இந்த எட்டு வரியை அவ காதுல படிச்சிட்டாப் போதும்மா, அவ தவிப்பு தீந்துரும். ஒரு நிமிஷ வேலை."

அப்பியா சுருளை வெடுக்கென்று பிடுங்கினாள். முற்றத்தில் ரொட்டி அடுப்பு கனன்றுகொண்டிருந்தது. தைசிஸ் பின்னாலேயே ஓடினாள்.

"அது உங்க பொண்ணு குரல் இல்லம்மா. என் வீட்டுக்காரர் குரல். அங்க அவருக்குத் தண்ணிகூட இறங்கலை. செத்துக்கிட்டிருக்காரு."

"பெத்தவளுக்குத் தெரியாதா தன் பிள்ளை குரல்? உனக்குப் புருஷன் போனா இன்னொருத்தன் வருவான். எனக்கு?"

"அவளுக்கு மூச்சு முட்டுதும்மா. நீங்க கேக்கலையா?"

"கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அந்த மூச்சு சத்தமாவது இருக்கட்டும் இந்த வீட்டுல," என்று சொல்லி அப்பியா சுருளை அடுப்புக்குள் வீசினாள். காய்ந்த நாணல்தாள் ஒரு கணத்தில் பற்றிக்கொண்டது.

தைசிஸ் வெறும் கையை விட்டு எடுக்கப் பார்த்தாள். விரல்கள் கொப்பளித்ததுதான் மிச்சம். சாம்பலைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இன்னொன்று அவளுக்கு உறைத்தது. எட்டு வரி என்று தெரியும். ஆனால் அந்த எட்டில் கடைசிச் சொல்லைத் தவிர வேறு ஒரு சொல்கூட அவளுக்குத் தெரியாது. அவள் எண்ணினாளே தவிர படிக்கவில்லை. வாழ்நாள் முழுக்க அப்படித்தான். ஆயிரக்கணக்கான வரிகள் அவள் விரலைத் தாண்டிப் போயிருக்கின்றன, ஒன்றும் உள்ளே தங்கியதில்லை.

உள்ளே மூன்றாம் தடவை தொடங்கியிருந்தது. இம்முறை குரலில் சக்தி இல்லை. நூறின் செருமல் இருமலாகத் தெறித்தது. பெகூசிஸுக்குப் பத்து நாளெல்லாம் இல்லை என்று தைசிஸுக்குத் தெரிந்துபோயிற்று. இன்றே, இந்த உச்சியிலேயே முடிந்துவிடும்.

அவள் அறைக்குள் போய் அலமாரியின் முன்னால் நின்றாள். தீட்டிய கண்கள் அவளுடைய தலைக்கு மேலே எங்கேயோ பார்த்தன. அப்பியா பின்னாலேயே ஓடி வந்தாள்.

"என்ன பண்ணப் போற? வெளியே வா. வாடீ வெளியே."

முந்நூறு.

முந்நூற்று எழுபது.

முந்நூற்று எழுபத்தொன்று. வாசல்.

குரல் நின்றது. நகம் சுரண்டத் தொடங்கியது. தைசிஸ் கொப்பளித்த கையை விரித்துக் கட்டைவிரலைச் சுண்டுவிரலில் வைத்தாள். கதை தெரியாவிட்டால் என்ன, அளவு தெரியுமே. பதினாறுக்கு ஒன்று கூடாமல், ஒன்று குறையாமல், தன்னிடம் இருந்ததைச் சொன்னாள்.

"வாசலில் நிற்பவளே, உன் வழியை மறித்தவள் நான்;
எண்ண வேண்டிய நாளில் எண்ணாமலே தூங்கியவள் நான்;
பழைய சுருளின் தொகையைப் பார்த்து எழுதிவிட்டேன்;
அறுநூற்று நாற்பது என்று பொய் சொன்னது என் கைதான்;"

சுரண்டல் நின்றது.

அப்பியா அவள் வாயைப் பொத்தப் பாய்ந்தாள். கதவோரம் நின்ற தவூஸ் குறுக்கே வந்து எஜமானியை இடுப்போடு சேர்த்துக் கட்டிப் பிடித்தாள்.

"விடுங்கம்மா. சின்னம்மா போகட்டும்மா. நாப்பது நாளா என்னால காது குடுக்க முடியலைம்மா," என்று அழுதாள் அந்த வேலைக்காரி.

"எழுதியவன் பாவம், அவன் குரலை விட்டுவிடு;
உன் அம்மாவின் கண்ணீரும் உன் காலைக் கட்டிவைக்க வேண்டாம்;
பூட்டியது நான்; இதோ திறந்துவிட்டேன், போ மகளே;
திரும்பிப் பார்க்காதே, திறந்தே இருக்கிறது வாசல்."

எட்டாவது கொட்டையைத் தரையில் வைத்தாள்.



பிறகு குரல் தொடர்ந்தது. முந்நூற்று எண்பதாவது வரி. நானூறில் செருமல். ஐந்நூறு. அப்பியா தவூஸின் கைக்குள் துவண்டு, "மெதுவா படிடி, கண்ணு, மெதுவா படி," என்று கெஞ்சிக்கொண்டே இருந்தாள். அறுநூறு தாண்டியதும் அவள் கெஞ்சுவதையும் விட்டுவிட்டாள். தைசிஸ் கடைசிக் கொட்டையை வைத்தாள். அறுநூற்று நாற்பது. அலமாரிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது. அது மட்டும் ஓர் இளம்பெண்ணின் மூச்சு.

முற்றத்தில் நாய் குரைத்தது.

அப்பியா அலமாரிக் கதவைச் சாத்தினாள். தைசிஸைத் திட்டவில்லை. "நாளைக்கு உச்சிக்கு நான் என்ன பண்ணுவேன்?" என்று மட்டும் கேட்டாள். தைசிஸ் வாசலைத் தாண்டும்வரை அழுகையை அடக்கிக்கொண்டு, தோட்டத்துக்குள் போய் உட்கார்ந்து அழுதாள்.

வீட்டுக்குப் போனபோது தெருவிலேயே பெகூசிஸின் குரல் கேட்டது. பருப்புக் கஞ்சி கேட்டு அக்கம்பக்கத்தையே கூட்டிக்கொண்டிருந்தான். "நாப்பது நாளா பட்டினி போட்டிருக்கா என் பொண்டாட்டி, நியாயத்தைக் கேளுங்க," என்று ஊருக்கே முறையிட்டான். அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் அழுத அழுகையில் அவனே பயந்துபோனான். நடந்ததை அவள் சொல்லவில்லை.

அறுவடை முடிந்து வெயில் காலம் வந்தது. பள்ளி வாத்தியார் தீதாஸ் ஒரு பெரிய சுருளுக்குச் சொல்லியிருந்தார். ஆயிரத்து நூற்று நான்கு வரி. பகல் சாப்பாட்டுக்கு முன்பே வந்து உட்கார்ந்துகொண்டு, படகு போய்விடும், படகு போய்விடும் என்று நச்சரித்தார். திரைக்கு அந்தப் பக்கம் பெகூசிஸ் அவருக்குக் கதை சொல்லிச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தான். திரைக்கு இந்தப் பக்கம் தைசிஸ். தீக்காயம் பட்ட விரல் வலித்தது. பெகூசிஸ் இந்தத் தடவை கவனமாகத்தான் எழுதியிருந்தான், அவளே பக்கத்தில் இருந்து பார்த்திருந்தாள். வாத்தியாரோ எழுந்து நின்றுவிட்டார். ஒரே ஒரு தடவைதானே என்று நினைத்தாள். மூலத்தின் அடியைப் பார்த்தாள். நாணற்கோலை மையில் தோய்த்தாள்.

"அந்த வரி வசூல்காரன் ஒட்டகத்துக்கிட்ட என்ன சொன்னான்னா..."

பெகூசிஸ் நிறுத்தினான்.

"என்ன சொன்னான்?" என்றார் வாத்தியார்.

பதில் இல்லை.

"சொல்லுங்கண்ணே, என்ன சொன்னான்?"

தைசிஸ் திரையை விலக்கிப் பார்த்தாள். அவன் வாய் திறந்திருந்தது. கை தொண்டைக்குப் போயிருந்தது. கண்கள் அவளைத் தேடின.

அவள் கோலைக் கீழே போட்டாள். அவரைக்கொட்டைப் பையைக் கவிழ்த்துக்கொண்டு, சுருளை முதலிலிருந்து விரித்து, முதல் வரியின்மேல் விரலை ஓட்டினாள். பதினாறு. ஒரு கொட்டை.

"நீ," என்றான் பெகூசிஸ், ஒட்டகக் கதையை விட்ட இடத்திலிருந்து.

அவள் கை அப்படியே நின்றது. அவன் பேச்சும் நின்றது.

இரண்டாவது கொட்டையை வைத்தாள்.

"முதல்ல," என்றான் அவன்.

வாத்தியார் சிரித்தார். தைசிஸ் நிமிரவில்லை. மூன்றாவது வரிக்குப் போனாள். இன்னும் ஆயிரத்து நூற்றிரண்டு இருந்தது.